அவங்க எடுத்தா மண்வாசனை, நாம எடுத்தா சாதிப்படம்

ஒரு படம் வந்து மூணு நாளைக்குள் அது நல்ல படமா, கெட்ட படமா என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. தீர்ப்பு எழுதுகிறவர் விமர்சகர். முன்பு வார இதழில் மட்டும் எழுதினார், இப்போது கேமரா முன்னால் உட்கார்ந்தும் சொல்கிறார். யதார்த்தம், கலைநயம், மண்வாசனை, தொய்வு, பிரச்சாரம் என்று கையில் சில அளவுகோல்கள் வைத்திருக்கிறார். இவை சாதி, மதம் எதுவும் ஒட்டாத பொதுவான அளவுகோல்கள் என்று அவரும் நம்புகிறார், நம்மையும் நம்பச் சொல்கிறார். தீர்ப்புச் சொல்றவன் எந்தத் திண்ணையில உக்காந்திருக்கான்னு பாக்காம தீர்ப்பக் கேட்டுக்கிட்டே இருந்தவங்க நாம. கொஞ்சம் படங்களை எடுத்துவைத்து அந்த அளவுகோலையே ஒருமுறை அளந்து பார்ப்போம்.

1992இல் ‘தேவர் மகன்’ வந்தது. கமல்ஹாசன் எழுதித் தயாரித்தார், பரதன் இயக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ரேவதிக்கும் எஸ். ஜானகிக்கும் விருது. சிவாஜியின் நடிப்பு, இளையராஜாவின் இசை, பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, திரைக்கதை அமைப்பு என்று ஒவ்வொன்றாகப் புகழ்ந்தார்கள். தொழில்திறமையில் அது சாதாரணப் படம் இல்லைதான், அதை மறுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் தலைப்பிலேயே ஒரு சாதியின் பெயர் இருந்ததே, அது எத்தனை பேரை உறுத்தியது? ‘கிராமத்து வாழ்க்கை’, ‘மண்வாசனை’ என்று சொல்லித் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசியில் அரிவாளைக் கீழே போடச் சொல்கிறதே படம் என்பார்கள். சொல்லுதுதான். அதுக்கு முன்னால ரெண்டு மணி நேரம் மீசைக்கும் பெரிய வீட்டுக்கும் கற்பூரம் காட்டிட்டுச் சொல்லுது. ஊர்த் திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் அந்தப் படத்திலிருந்து போனது பாட்டு. புத்திமதி போகவில்லை.

அந்தப் படத்தில் இசக்கி என்று ஒரு வேலைக்காரன் வருகிறான். வடிவேலு நடித்தார். பெரிய வீட்டுப் பிள்ளைக்காகக் கோயில் பூட்டைத் திறக்கிறான். அதற்காக அவன் கையை வெட்டுகிறார்கள். பிள்ளை அப்புறம் ஊருக்கே தலைவனாகிறான், இசக்கி ஒற்றைக் கையோடு அவன் பின்னால் நிற்கிறான். பக்கம் பக்கமாக எழுதிய விமர்சகர்களில் எத்தனை பேர் அந்தக் கையைப் பற்றிக் கேட்டார்கள்? முப்பத்தொரு ஆண்டு கழித்து, 2023இல், ‘மாமன்னன்’ விழா மேடையில் மாரி செல்வராஜ்தான் அந்த இசக்கியைப் பெயர் சொல்லி அழைத்தார். அந்த இசக்கிதான் என் மாமன்னன் என்றார். சொன்னதும் வந்ததே கோபம்! முப்பத்தொரு வருசம் படத்தில் சாதியே தெரியாதவர்களுக்கு அன்றைக்குச் சாயங்காலம் மாரி செல்வராஜின் பேச்சில் மட்டும் சாதி தெரிந்துவிட்டது.

‘தேவர் மகன்’ தனியாக வந்த படமல்ல. 1992இல் ‘சின்னக் கவுண்டர்’, 1993இல் ‘எஜமான்’, 1994இல் ‘நாட்டாமை’. ஊர்ப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தால் தர்மமே உட்கார்ந்த மாதிரி. ‘நாட்டாமை’யில் ஒரு குடும்பத்தைப் பதினெட்டு வருசம் ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கிறார்கள். திரையில் அது தர்மத்தின் தண்டனை. நம்ம சனங்களுக்கு ஊர்விலக்கம் என்றால் என்னவென்று தெரியும். குழாயில் தண்ணி இல்லை, கடையில் சாமான் இல்லை, வயக்காட்டில் வேலை இல்லை. இந்தப் படங்களைக் ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று பரிந்துரைத்தார்கள். எந்தக் குடும்பத்தோடு? நாட்டாமை நாற்காலிக்குத் தியேட்டரில் கைதட்டல் விழுந்த அதே பத்தாண்டில்தான், 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தேர்தலில் நின்று ஜெயித்துத் தலைவர் நாற்காலியைப் பெற்றதுதான் அவர் செய்த குற்றம். படம் பார்த்துத்தான் வெட்டினார்கள் என்று நாம் சொல்லவில்லை. நாற்காலி யாருக்குச் சொந்தம் என்று வெட்டியவர்கள் நினைத்தார்களோ, அதையேதான் அந்தப் படங்களும் நினைத்தன. விமர்சனம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. கேட்கப்படவில்லை.

நம்மைப் பற்றியே எடுத்த படங்கள் இல்லையா என்றால், உண்டு. ரொம்ப காலமாகவே உண்டு. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய் சம்பளமும் அவருடைய பாட்டும் இன்றுவரை பேசப்படுகின்றன. 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனா’ரில் தண்டபாணி தேசிகர். அங்கேயும் பாட்டுத்தான் பேச்சு. பண்ணையில் ஆயுள் முழுக்க உழைத்தவன் கோயிலுக்குள் போக ஏன் தீயில் முழுகணும் என்பது சங்கீத ரசனைக்கு வெளியே நின்றுவிட்டது, நந்தன் நின்ற மாதிரியே. 1936இல் இந்தியில் ‘அச்சுத் கன்யா’, முடிவில் தீண்டப்படாத பெண் சாகிறாள். 1997இல் சேரனின் ‘பாரதி கண்ணம்மா’, பண்ணையார் மகள் சாகிறாள், அவளை நேசித்த சேரி இளைஞன் அவள் சிதையிலேயே விழுகிறான். 2004இல் ‘காதல்’, பையன் பைத்தியமாகித் தெருவில் திரிகிறான். நல்ல மனசோடுதான் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘கண்ணீரை வரவழைக்கும் முடிவு’ என்று விமர்சனங்கள் பாராட்டின. நாம செத்தாத்தான் இவங்களுக்குக் கண்ணீர் வரும்போல. அழுது முடித்து வெளியே வந்தவன் வீட்டில் அவன் தங்கச்சி ஒருத்தனைக் காதலித்தால் என்ன செய்தான் என்பதை எந்த விமர்சகரும் போய்ப் பார்க்கவில்லை.

2016இல் மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே ‘சைராட்’ எடுத்தார். அதிலும் சாவுதான். ஆனால் அந்த முடிவு அழவிடவில்லை, வாயடைக்க வைத்தது. ரத்தம் மிதித்த காலோடு நடந்துபோகும் குழந்தை யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. அதையே 2018இல் இந்தியில் ‘தடக்’ என்று எடுத்தபோது சாதியைப் பட்டும் படாமலும் தொட்டு ஒதுக்கிவிட்டு, பணக்கார வீட்டுப் பெண், சாதாரண வீட்டுப் பையன் என்று ஆக்கினார்கள். கதை அதேதான், உயிர் இல்லை. ‘எல்லோருக்கும் பொதுவான மனித உணர்வு’ என்று விமர்சகர்கள் அடிக்கடி சொல்கிறார்களே, அந்தப் பொதுவை உண்டாக்க எதைக் கழிக்க வேண்டியிருக்கிறது என்பதை இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

கலைப்படக்காரர்கள் மட்டும் சுத்தமா? 1994இல் சேகர் கபூரின் ‘பேண்டிட் குயின்’. மல்லா சாதியில் பிறந்த பூலன் தேவியின் கதை. உலகத் திரைப்பட விழாக்களில் பாராட்டு, பின்னால் தேசிய விருது. உயிரோடு, சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த பூலன் தேவி, இந்தப் படத்தைத் திரையிடக்கூடாது என்று நீதிமன்றம் போனார். தன் மானபங்கத்தைத் தன் சம்மதம் இல்லாமல் ஊரறியக் காட்டுகிறார்கள் என்பது அவர் வழக்கு. அப்போது அவர் பக்கம் நின்று எழுதியவர்களில் அருந்ததி ராய் ஒருவர். கருத்துச் சுதந்திரம், கலைஞனின் உரிமை என்றெல்லாம் நிறைய வாதாடினார்கள். அந்தப் பொம்பளைக்கு என்ன சொல்லணும்னு கேட்டவங்க கொஞ்சப் பேர். யாருடைய உடம்பைக் காட்டிப் படம் ஓடுகிறதோ, அவருக்கும் அந்தப் படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. இந்த எளிய விசயம்கூட நமது விமர்சன மரபில் இன்னும் ஏறவில்லை.

இப்போது நம் பிள்ளைகளே கேமரா பிடிக்கிறார்கள். உடனே அளவுகோல் வளைந்து கொடுப்பதைப் பாருங்கள். 2016இல் ‘கபாலி’யில் ரஜினிகாந்த் சிறைக்குள் ‘மை ஃபாதர் பாலய்யா’ என்ற தலித் தன்வரலாற்றை வாசித்துக்கொண்டு அறிமுகமாகிறார். ‘தொய்வு’ என்றார்கள், ‘ரஜினியை வீணடித்துவிட்டார் ரஞ்சித்’ என்றார்கள். 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. அடிபட்டு, அவமானப்பட்டு, கடைசியில் உட்கார்ந்து பேசுவோம் என்கிறான் பரியன். மேசையில் இரண்டு தேநீர்க் குவளை, நடுவில் ஒரு பூ. ‘எவ்வளவு நிதானம், எவ்வளவு முதிர்ச்சி’ என்று கொண்டாடினார்கள். அதே மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ 2021இல் வாளைத் தூக்கினான். ‘வன்முறையைத் தூண்டுகிறாரே’ என்று எழுதியவர்கள் உண்டு. அரிவாளுக்கும் வாளுக்கும் வேறு வேறு இலக்கணமா? பெரிய வீட்டில் தொங்கினால் வீரம், பொடியங்குளத்தான் எடுத்தால் வன்முறையா? அடிவாங்கிக்கிட்டுப் பேசுனா கலை, திருப்பி அடிச்சா பிரச்சாரம். இதைத்தான் பொது அளவுகோல் என்கிறார்கள். 2021இல் ‘ஜெய் பீம்’ வந்தபோது, லாக்கப்பில் செத்த பழங்குடியைவிட, சுவரில் தொங்கிய ஒரு காலண்டர் படத்துக்குப் பல நாள் வாதம் நடந்ததையும் பார்த்தோம்.

இங்கே நிறுத்திவிட்டால் நம் வேலை சுலபம். அவர்களைத் திட்டிவிட்டு, நம்ம படத்துக்கு விசில் அடித்துவிட்டுப் போய்விடலாம். அப்படிச் செய்தால் அவர்கள் தங்கள் படங்களுக்குச் செய்ததைத்தான் நாமும் செய்வோம். ‘பரியேறும் பெருமா’ளில் ஜோதி மகாலட்சுமிக்குத் தன் வீட்டார் பரியனை என்ன செய்தார்கள் என்பது கடைசிவரை தெரியாது. அவளைத் தேவதையாகவே வைத்துக் காப்பாற்றுகிறது படம். உண்மை தெரிந்தால் அவள் என்ன செய்வாள் என்ற கேள்வியைப் படம் எதிர்கொண்டிருக்க வேண்டாமா? ‘ஜெய் பீ’மில் செங்கேணி காவல் நிலையத்தையே எதிர்த்து நிற்கிறாள், ஆனாலும் கைதட்டல் வக்கீல் கோட்டுக்குத்தான் போய்ச் சேருகிறது. பழங்குடியாக நடிக்கப் பழங்குடிகளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது? மீசையை எதிர்க்க நாமும் ஒரு மீசையைத்தான் வளர்க்க வேண்டுமா? 2022இல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்தின் ரெனே மாதிரி, தன் வாயால் தன் கதை பேசும் தலித் பெண் தமிழ்த் திரையில் இன்னும் எத்தனை பேர்? இவற்றை நாம் கேட்கவில்லையென்றால் வேறு யார் கேட்பார்கள்? கேட்டால் எதிரிக்குச் சாதகம் ஆகிவிடும் என்று சில தோழர்கள் பயப்படுகிறார்கள். நம் பிள்ளைகளின் படம் அந்த அளவுக்கு நோஞ்சான் இல்லை. கேள்வியைத் தாங்கும்.

டூரிங் டாக்கீஸ் காலத்தில் சேர், பெஞ்சு, தரை என்று டிக்கெட் இருந்தது. விமர்சனம் சேரிலிருந்தே எழுதப்பட்டது. தரை டிக்கெட்டில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்த நம் ஆத்தா, அப்பனுக்கும் படத்தைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது. எந்தக் காட்சியில் சிரித்தார்கள், எந்தக் காட்சியில் வாயை மூடிக்கொண்டு பக்கத்துச் சேரைப் பார்த்தார்கள் என்பதையெல்லாம் எழுதிவைக்க ஆளில்லை. அதனால்தான் ஒரு நூற்றாண்டுத் தமிழ் சினிமாவுக்குப் பாதி விமர்சனம்தான் இருக்கிறது.

மீதிப் பாதியை எழுத வேண்டும். ஒரு படம் பார்த்தால் சில கேள்விகளை எழுதிப் பாருங்கள். இதில் யார் சாதி பெயரோடு வருகிறது, யார் சாதி பெயரில்லாமல் ‘ஏழை’, ‘வேலைக்காரன்’ என்று வருகிறது? யார் வாசலில் நிற்கிறார்கள், யார் உள்ளே போகிறார்கள்? யார் செத்தால் கதை முடிகிறது? நம் பெண்கள் எத்தனை வார்த்தை பேசுகிறார்கள்? இவை கலைக்கு வெளியே உள்ள கேள்விகள் என்று எவராவது சொன்னால், கேமராவை எங்கே வைப்பது என்பதும் கலைதானே, அதை ஏன் எப்போதும் பெரிய வீட்டுத் திண்ணையிலேயே வைத்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல படத்தை, யார் எடுத்தாலும், நல்ல படம் என்றே எழுதுங்கள். நம்ம ஆள் எடுத்த மோசமான படத்தை மோசம் என்றே எழுதுங்கள்.

மெருகு வேண்டாம், பெரிய பெரிய சொல் வேண்டாம். படம் பார்த்துட்டு டீக்கடையில என்ன பேசுனீங்களோ, வீட்டுல பொம்பளைங்க என்ன சொன்னாங்களோ, அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை அதற்காகக் காலியாக வைத்திருப்போம்.