காய்ச்சல் விட்ட நாள்

‘டெங்குவா? காய்ச்சல் விட்டதும் கண்டம் தாண்டியாச்சு. அப்புறம் பப்பாளி இலைச் சாறு குடித்துத் தட்டணுவை ஏற்றினால் போதும்’ என்கிறார் நண்பர். இரண்டு பாதியும் தவறு; முதல் பாதி ஆளையே கொல்லும்.

டெங்குவில் கண்டமே காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி 3 முதல் 7 நாளுக்குள் ரத்தக்குழாய்ச் சுவர் கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். தெர்மாமீட்டர் 98 காட்டும், பிள்ளையோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிப்பு, சிறுநீர் குறைவது... ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

தட்டணு 1 லட்சத்துக்குக் கீழே போனதும் வீடே அலறுகிறது. அதே ரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சாகியிருக்கும் ஹீமடோகிரிட்டை யாரும் சீண்டுவதில்லை (எங்கள் வீட்டிலும்தான்). அது ஏறினால் ரத்தம் கெட்டியாகிறது, கசிவு நடக்கிறது என்று பொருள். சலைன் எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்ய அதுதான் முக்கியத் தடயம்.

பப்பாளிச் சாறு தட்டணுவைக் கூட்டுவதாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. கசிவை அடைக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. உடம்புவலிக்கென்று நண்பர் சிபாரிசு செய்யும் இபுப்ரோஃபென் இன்னும் மோசம்: ரத்தக்கசிவைத் தூண்டும். பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் அளவோடு.