மாட்டு வண்டியில் எத்தனை பேரை ஏற்றலாம்?

''செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளை எங்கள் மாட்டு வண்டியில் அழைத்துச் செல்ல நினைக்கிறேன். எத்தனை பேரை ஏற்றலாம்?''

- வாசகர், காரைக்குடி.

''இழுவை மாடுகளுக்கு 1965-ம் ஆண்டிலேயே மத்திய அரசு விதிகள் வகுத்துள்ளது. அதன்படி, ஓட்டுபவரையும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் சேர்க்காமல் 4 பேரை மட்டுமே ஏற்றலாம். ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் மாடுகளை ஓட்டக் கூடாது. தொடர்ச்சியாக 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால், பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. தார்க்குச்சிக்கும் தடை உண்டு.

'இன்னும் இரண்டு பேர் ஏறட்டுமே' என்று கூடுதல் பணம் நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். தார்ச்சாலையில் போவதால் லாடத்தை அடிக்கடி பாருங்கள். நுகத்தடி உரசிக் கழுத்தில் புண் வந்தால், ஆறும்வரை பூட்டாதீர்கள். மாடு நன்றாக இருந்தால்தான் வருமானம் நிலைக்கும்.''