மிளகாயில் பழ அழுகலும் பூஞ்சாணக்கொல்லி மருந்தும்: மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர்,
மிளகாய்ச் சாகுபடி விவசாயிகள் சங்கம்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிவகங்கை.

நகல்: வேளாண்மை இணை இயக்குநர் மற்றும் தோட்டக்கலைத் துணை இயக்குநர், சிவகங்கை.

பொருள்: மிளகாயில் பழ அழுகல், நுனிக்கருகல் நோய்கள் – நோய் முன்னறிவிப்பு, மருந்துக்கடைக் கண்காணிப்பு, மருந்து எச்சப் பரிசோதனை வசதி – கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

செட்டிநாட்டுச் சமையல் என்று ஊருக்கு ஊர் பலகை தொங்குகிறது. அந்தக் குழம்புக்குக் காரம் கொடுக்கும் வத்தல் எங்கள் மானாவாரிப் புஞ்சைகளில் விளைவது. 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம், இளையான்குடி, தேவகோட்டை வட்டாரங்களிலும் குண்டு மிளகாய் போடுகிறோம். பக்கத்து மாவட்டத்துக்குப் பெயர் வந்ததில் எங்களுக்குப் பொறாமை இல்லை. அவர்கள் காட்டில் விழும் நோய்தான் எங்கள் காட்டிலும் விழுகிறது, அதைப் பற்றியே இந்த மனு.

புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் செடி எழும்பி, தை மாசியில் பழம் சிவக்கும். அந்த நேரத்தில் மழை பிடித்தால் தீர்ந்தது. 2021 ஜனவரியில் பருவம் தப்பிக் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பழத்தில் முதலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, பிறகு குழிந்த வட்டம், அதற்குள் வளையம் வளையமாகக் கறுப்பு. காய்ந்தபின் அந்தப் பழம் நிறம் வெளுத்துச் சண்டு வத்தலாகி, கமிஷன் கடையில் தனியாக ஒதுக்கப்படும். கொலட்டோட்ரிக்கம் என்ற பூஞ்சாணத்தின் வேலை இது. கிளை நுனியில் பற்றினால் நுனிக்கருகல், பழத்தில் பற்றினால் பழ அழுகல். விதையோடும் வரும், மழைத்துளி தெறித்தும் பரவும்.

இதற்கு மருந்து இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவாகவே இருக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு மான்கோசெப் 2 கிராம், அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராம், நுனிக்கருகல் தென்பட்டதும் தொடங்கி 15 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும். இரண்டும் காப்பு மருந்துகள். பூஞ்சாணம் உள்ளே இறங்கும் முன்பே இலைமேலும் பழத்தின்மேலும் படிந்திருந்தால்தான் வேலை செய்யும். அழுகிய பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் வாங்குவது பெரும்பாலும் தண்டச் செலவு. இதை எங்களுக்கு வேளையோடு சொல்ல ஆள் இல்லை. மழை வரப்போகிறது, இன்னும் இரண்டு நாளில் அடித்துவிடுங்கள் என்று ஒரு குரல் கேட்டால் போதும்.

அப்படி ஒரு குரல் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஸ்ட்ராபெரி பயிரிடுகிறவர்களுக்கும் இதே கொலட்டோட்ரிக்கம் இனத்துப் பூஞ்சாணம்தான் எதிரி. அங்குள்ள பல்கலைக்கழகம், இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது, வெப்பம் எவ்வளவு என்று வானிலை நிலையங்களில் அளந்து, இன்று தெளிக்க வேண்டுமா வேண்டாமா என்று விவசாயிக்குச் சேதி அனுப்புகிறது. நாட்காட்டி பார்த்து வாராவாரம் அடித்ததோடு ஒப்பிட்டால், சோதனைத் திடல்களில் தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததால் அசாக்சிஸ்ட்ரோபின் போன்ற மருந்துகளுக்கு அடங்காத பூஞ்சாணம் உருவானதையும் அங்கேதான் கண்டார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் இப்போது 'புது மருந்து' என்று கைநீட்டித் தருவதும் அதே அசாக்சிஸ்ட்ரோபின்தான். நல்ல மருந்துதான், ஆனால் அதையே தொடர்ந்து அடித்தால் நல்ல மருந்தும் நாலு வருஷத்தில் தண்ணீராகிவிடும்.

எனவே எங்கள் முதல் கோரிக்கை: வட்டார வானிலை நிலையங்களின் கணக்கைக் கொண்டு, தை முதல் பங்குனி வரை மிளகாய்க்கு நோய் எச்சரிக்கை தர வேண்டும். செட்டிநாட்டில் உலர்நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வேளாண்மைக் கல்லூரி வந்திருக்கிறது, குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அரசிடம் உழவன் செயலியும் இருக்கிறது. செயலி பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஊராட்சி ஒலிபெருக்கியில் அறிவித்தால்கூடப் போதும்.

இரண்டாவது, மருந்துக்கடை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் சென்ற பருவத்தில் இலை சுருண்டிருக்கிறது என்று ஒரு கடையில் சொன்னார். பூச்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, பூ நிற்க டானிக் ஒன்று என்று மூன்று பொட்டலம் கைக்கு வந்தது. மூன்றையும் ஒரே டேங்கில் கலக்கச் சொன்னார்கள். சுருட்டலுக்குக் காரணம் இலைப்பேன். பூஞ்சாணக்கொல்லிக்கு அங்கே வேலையே இல்லை. பில் கேட்டதற்கு, 'பில் போட்டா வரி சேரும்ணே' என்று பதில். அளவு கேட்டதற்கு, 'டேங்குக்கு ஒரு மூடி'.

இந்த மூடிக் கணக்கில்தான் பாதிப் பிழை. பழைய கைத்தெளிப்பான் 10 லிட்டர். அதற்கு மான்கோசெப் 20 கிராம் போதும். இப்போது எல்லோர் முதுகிலும் இருப்பது 16 லிட்டர் பேட்டரித் தெளிப்பான். அதற்கு 32 கிராம் வேண்டும். மூடி மட்டும் மாறவில்லை. மருந்து குறைந்தால் நோய் நிற்காது, நிற்கவில்லை என்று மறுநாளே இரட்டிப்பாக அடித்தால் எச்சம் மிஞ்சும்.

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்திலும் 1971ஆம் ஆண்டின் விதிகளிலும் இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. வட்டார மொழியில் விவரத்தாள் இருக்க வேண்டும், ஆய்வாளர் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம், கடை உரிமத்துக்கு வேளாண் படிப்போ பயிற்சியோ வேண்டும் என்று விதியும் திருத்தப்பட்டுவிட்டது. படித்தவர் பெயர் உரிமத்தில் இருக்கிறது. கடையில் நிற்பவர் வேறொருவர். ஆகவே பில் இல்லாமல் மருந்து விற்பதை நிறுத்த வேண்டும். 10 லிட்டருக்கும் 16 லிட்டருக்கும் தனித்தனி அளவு எழுதிய தமிழ்ப் பலகை ஒவ்வொரு கடையிலும் தொங்க வேண்டும். எந்த மருந்து, எந்தத் தொகுதி எண், தரம் தேறியதா என்ற பரிசோதனை முடிவுகளைப் பருவத்துக்குள் வேளாண் விரிவாக்க மையங்களில் ஒட்ட வேண்டும். பருவம் முடிந்து வரும் அறிக்கை கோப்புக்கு உதவும், பயிருக்கு உதவாது.

அடுத்தது எச்சம். 2020 மே மாதம் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிட்டது. அதில் மான்கோசெப், கார்பென்டாசிம், கேப்டான், திராம் எல்லாம் இருந்தன. 2023இல் வந்த இறுதி ஆணையில் இவை தடையாகவில்லை. அதே 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மான்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. கார்பென்டாசிமுக்கும் அங்கே அனுமதியில்லை. இங்கே பரிந்துரை, அங்கே மறுப்பு. உள்ளூர்ச் சந்தைக்கு விற்பவர் எதை அடிப்பது, ஏற்றுமதியாளருக்குக் கொடுப்பவர் எதை அடிப்பது, கடைசித் தெளிப்புக்கும் பழம் பறிப்புக்கும் எத்தனை நாள் விடுவது என்று ஒரே தாளில் எங்களுக்கு எழுதித் தர வேண்டும். மிளகாயில் ஒரு பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் இடையில்தான் தெளிக்க முடியும் என்பதை மனதில் வைத்து அதை எழுத வேண்டும்.

எச்சம் பார்க்க இன்று நறுமணப் பொருட்கள் வாரியத்தின் தூத்துக்குடி ஆய்வகத்துக்கோ கோயம்புத்தூருக்கோ மாதிரி போக வேண்டியிருக்கிறது. சிவகங்கை அருகே முத்துப்பட்டியில் மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் என்றே அமைத்த நறுமணப் பொருள் பூங்கா இருக்கிறது. காரைக்குடியில் உலகம் அறிந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தனையும் சுற்றி இருக்க, ஒரு கிலோ வத்தலில் என்ன மருந்து மிச்சம் என்று பார்க்க நாங்கள் பஸ் ஏறுகிறோம். முத்துப்பட்டிப் பூங்காவில் மாதிரி சேகரிப்பு மையமாவது தொடங்கி, சிறு குறு விவசாயிகளுக்குக் கட்டணத்தில் பாதியை அரசு ஏற்க ஆவன செய்ய வேண்டும்.

நோய் விதையோடும் வருவதால், விதை நேர்த்திக்கான டிரைக்கோடெர்மா விரிடி (கிலோ விதைக்கு 4 கிராம்), சூடோமோனாஸ் (10 கிராம்) இரண்டும் ஆவணி முடிவதற்குள் விரிவாக்க மையங்களில் இருக்க வேண்டும். டிரைக்கோடெர்மா பொடிக்கு ஆயுள் நான்கு மாதம்தான். காலாவதிப் பொட்டலத்தை மானியத்தில் தருவதைவிடத் தராமல் இருப்பது மேல். மருந்து அடிக்கும் கூலித் தொழிலாளர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் தெளிப்பானோடு சேர்த்தே வழங்கக் கோருகிறோம்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நோய்த் தாக்குதலால் வரும் மகசூல் இழப்பும் சேர்ந்ததே. நாங்கள் 5 சதவீதப் பிரீமியம் கட்டுகிறோம். பயிர் அறுவடைப் பரிசோதனையில் எடையை மட்டும் பார்க்காமல், சண்டாகக் கழிந்த வத்தலையும் இழப்பாகக் கணக்கிடும்படி அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

இந்த மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை, புரட்டாசி விதைப்புக்கு முன் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: காரைக்குடி

இணைப்பு: உறுப்பினர் கையொப்பப் பட்டியல், பழ அழுகல் கண்ட வத்தல் மாதிரி, ஒரு பொட்டலம்.