காதுல புல்லு

போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட் வாண்டு என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, தாத்தா காதுல புல்லு!" என்றது. புல்லைக்கூட மன்னித்துவிடலாம். தாத்தாவாம்!

ஆபீஸில் புலம்பினேன். "நானும் டாக்டரைத்தான் பார்க்கப் போறேன், வாங்க சார்" என்றான் சேகர். அவன் கதை வேறு. ஷேவ் பண்ணின முடி சுருண்டு திரும்பத் தோலுக்குள்ளேயே குத்தி, கழுத்தெல்லாம் கொப்புளம். ஏதோ பார்லரில் சல்லிசாக லேசர் என்று தாடையை நீட்டியிருக்கிறான். சுட்ட அப்பளம் மாதிரி திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டது. தை மாசம் கல்யாணம் வேறு.

தோல் டாக்டர் பொறுமைசாலி. "லேசர் முடியை வெட்டறதில்லை சார், சுடுது" என்றார். முடியிலிருக்கும் மெலனின் என்கிற கறுப்புச் சாயம் ஒளியை விழுங்கிச் சூடாகிறது, வெயிலில் நிற்கிற கறுப்பு ஸ்கூட்டர் சீட் மாதிரி. அந்தச் சூடு வேர்க்காலுக்குப் பரவி, முடியை முளைக்க வைக்கும் செல்களைப் பொசுக்குகிறது. எல்லாம் சில மில்லி செகண்டில். அதற்குள் சுற்றியுள்ள தோல் அதிகம் சூடாகாது. ஆண்டர்சன், பாரிஷ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1983-ல் எழுதிய தத்துவம் இது.

வில்லங்கம் என்னவென்றால், அதே மெலனின் நம் தோலிலும் தாராளமாக இருக்கிறது! வெள்ளைக்காரத் தோலுக்குத் தோதான 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரை நம்மிடம் காட்டினால் முடிக்கு முன்னால் தோல் வெந்துவிடலாம். நமக்கு 1064 நானோமீட்டர் 'என்டி யாக்' உத்தமம். மெலனின் அதை அவ்வளவாக விழுங்காது. ஒளி ஆழமாகவும் போகும். ஆகவே, எந்த மெஷின் என்று கேட்காமல் யாரிடமும் தாடையை நீட்டாதீர்கள்.

"தைக்குள்ள முடிஞ்சிடுமா டாக்டர்?" என்றான் சேகர் பரிதாபமாக.

"முதல்ல கறுப்பு ஆறட்டும். அப்புறம் சின்ன இடத்துல டெஸ்ட். எல்லா முடியும் ஒரே சமயத்துல வளராதுப்பா, வளர்ற முடிதான் மாட்டும். மாசத்துக்கு ஒண்ணுன்னு ஆறு தடவையாவது வரணும். அப்பவும் குறையும், அடியோட போகாது. நடுவுல பிடுங்கிடாதே, வேர் இருந்தாத்தான் வேலை நடக்கும். ஷேவ் பண்ணலாம்."

அடுத்து நான். டார்ச் அடித்துக் காதைப் பார்த்தார்.

"சார், உங்களுது பூரா வெள்ளை. லேசருக்குக் கண்ணே தெரியாது."

"டை அடிச்சுட்டு வரட்டுமா?"

"டை வேருக்குப் போகாது சார்."

ஃபீஸைக் கொடுத்துவிட்டு, கீழே மெடிக்கல் ஷாப்பில் முனை மழுங்கின கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக்கொண்டேன்.