சொல்லத் தெரியாத பிள்ளையின் கண்கள்



கண் பார்த்ததைக் கை செய்யும் என்பது நம் முன்னோர் வாக்கு. கண் பார்க்காததைக் கை எவ்வாறு செய்யும்? பள்ளி செல்லும் பிள்ளை, கரும்பலகை தெரியவில்லை என்று வந்து சொன்னால், அந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். ஆனால், பேச்சு வராத பிள்ளை, அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளை, கைகால் இறுகிப்போன பிள்ளை ஆகியோரைப் பற்றி மட்டும் இவ்வையம் நம் மனத்தில் எழுவதில்லை. அப்பிள்ளை புத்தகத்தைத் தள்ளினால், அதற்குப் புத்தி அவ்வளவுதான் என்கிறோம். படியில் தடுக்கி விழுந்தால், அதற்கு நிதானம் இல்லை என்கிறோம். முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், அதற்கு ஒட்டுதல் இல்லை என்கிறோம். எல்லாக் குறையையும் மூளையின் மேல் ஏற்றிவிட்டுக் கண்ணை மறந்துவிடுகிறோம்.

இது வெறும் ஊகமன்று. இங்கிலாந்தில் தொண்டு நிறுவனம் ஒன்று 2013 முதல் சிறப்புப் பள்ளிகளுக்கே சென்று பிள்ளைகளின் கண்களைப் பரிசோதித்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பார்வையில் ஏதேனும் ஒரு குறை இருந்தது. பத்தில் நால்வர் அதற்கு முன் ஒருமுறையேனும் கண் பரிசோதனைக்கு உட்பட்டதாகத் தெரியவில்லை. அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைக்குக் கடுமையான பார்வைக் குறை நேரும் வாய்ப்பு, மற்றப் பிள்ளைகளைவிட 28 மடங்கு என்று அந்நாட்டில் மதிப்பிட்டிருக்கின்றனர். மருத்துவ வசதி மிகுந்த நாட்டிலேயே இந்நிலை என்றால், நம் சிற்றூர்களில் எத்தனை பிள்ளைகள் மங்கலான உலகில் வளர்ந்து வருகின்றனரோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளை ஏன் சொல்வதில்லை என்று கேட்பீர்கள். பேச இயலாத பிள்ளை எவ்வாறு சொல்லும்? பேச இயன்ற பிள்ளையும் சொல்லாது. பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்துவரும் பிள்ளை, உலகமே அப்படித்தான் என்று எண்ணிக்கொள்கிறது. தெளிவு என்பது இன்னது என்று அறிந்தால் அன்றோ, தெளிவில்லை என்று முறையிட முடியும்? ஆகவே, இப்பிள்ளைகள் முறையிடும்வரை நாம் காத்திருத்தல் ஆகாது.

கிட்டே தெரியாத கண்

டவுன் சிண்ட்ரோம் உடைய பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இவர்களிடம் மாறுகண், கருவிழி ஓயாமல் ஆடுதல், பிறவிக் கண்புரை ஆகியவை மற்றப் பிள்ளைகளிடம் காண்பதைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன. கண்ணாடி தேவைப்படுவோரும் மிகப் பலர். இவற்றோடு, வெளியில் தெரியாத மற்றொரு குறையும் உண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் பல்லாண்டுகளாக இப்பிள்ளைகளை ஆராய்ந்து, இவர்களுள் பெரும்பாலோரின் கண்கள் அருகிலுள்ள பொருளுக்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்துகொள்வதில்லை என்று கண்டறிந்தனர். நாற்பதைத் தாண்டிய நாம் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோம் அல்லவா? அந்த நிலை இப்பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வயதிலேயே அமைந்துவிடுகிறது. தூரத்தில் வரும் பேருந்து தெரியும். மடியிலிருக்கும் சிலேட்டு தெரியாது. மேற்பாதி தூரத்திற்கும் கீழ்ப்பாதி கிட்டத்திற்குமாக அமைந்த பைஃபோகல் கண்ணாடியை அணிவித்தால், இவர்களில் பலர் அருகிலுள்ளதைத் தெளிவாகக் காண்கின்றனர் என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிவு.

நான் அறிந்த குடும்பம் ஒன்றில் இத்தகைய சிறுவன் ஒருவன் உண்டு. ஒன்பது வயதாகியும் பென்சிலைத் தொட மாட்டான். எழுதச் சொன்னால் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வான். பிடிவாதக்காரன் என்று பெயரும் எடுத்துவிட்டான். அவனுடைய சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருநாள், தெருமுனையில் வரும் தந்தையின் மிதிவண்டியை எல்லாருக்கும் முன்பாக அவன் கண்டுகொள்வதைக் கவனித்தார். தொலைவில் அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பவன், கையிலுள்ள படத்தை மட்டும் ஏன் பார்ப்பதில்லை என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். பைஃபோகல் கண்ணாடி கிடைத்தது. அதன்பின் அவன் ஒரே நாளில் படிப்பாளி ஆகிவிடவில்லை. இன்றும் அவனுக்கு எழுத்துகள் சிலவே தெரியும். ஆனால், பாட்டியின் அருகில் அமர்ந்து முறத்திலுள்ள அரிசியில் கல் பொறுக்குகிறான். சுவரோரம் ஊர்ந்து செல்லும் எறும்பு வரிசையைக் காட்டி எல்லாரையும் கூவி அழைக்கிறான். அவன் பிடிவாதக்காரன் என்று இப்போது அவ்வீட்டில் யாரும் கூறுவதில்லை.

எழுத்தறியாத பிள்ளையைப் பரிசோதிக்க முடியுமா?

"எழுத்தே தெரியாத பிள்ளை, மருத்துவர் கேட்டால் என்ன சொல்லும்?" என்று பெற்றோர் பலர் தயங்குகின்றனர். ஹாலந்து நாட்டு மருத்துவர் ஸ்னெல்லன் 1862-ஆம் ஆண்டில் வகுத்த எழுத்துப் பலகையே நமக்குத் தெரிந்த பரிசோதனை. ஆனால், வேறு வழிகளும் உண்டு. பின்லாந்து நாட்டுப் பெண் மருத்துவர் லீ ஹிவாரினென் 1976-இல் வட்டம், சதுரம், வீடு, ஆப்பிள் ஆகிய நான்கு உருவங்களைக் கொண்ட பலகையை அமைத்தார். பிள்ளை பெயர் சொல்ல வேண்டுவதில்லை. பலகையில் காட்டும் உருவத்தைத் தன் மடியிலுள்ள அட்டையில் தொட்டுக் காட்டினால் போதும்.

அதுவும் இயலாத பிள்ளைக்கு மற்றொரு முறை உண்டு. வெறும் சாம்பல் நிறப் பரப்பையும் கோடுகள் போட்ட பரப்பையும் ஒருசேரக் காட்டினால், கைக்குழந்தையும் கோடுகளின் பக்கமே கண்ணைத் திருப்பும். கோடுகளை மேன்மேலும் நுண்ணியவையாக மாற்றிக்கொண்டே போய், எந்த அளவில் பிள்ளையின் கண் திரும்பாமல் நின்றுவிடுகிறது என்று பரிசோதிப்பவர் கவனிப்பார். பார்வையின் அளவு அதிலிருந்து புலப்படும்.

கண்ணாடியின் அளவைக் காண்பதற்கோ பிள்ளையின் வாய்ச்சொல் சிறிதும் தேவையில்லை. கண்ணில் சொட்டு மருந்திட்டு, சிறு விளக்கொளியைக் கண்மணியின் குறுக்கே அசைத்து, உள்ளிருந்து திரும்பும் ஒளியின் போக்கைக் கொண்டே மருத்துவர் கணக்கிட்டுவிடுவார். சொட்டு மருந்தால் சிறிது எரிச்சலும், சில மணி நேரம், சில மருந்துகளுக்குச் சில நாட்கள், பார்வை மங்கலும் வெயிலில் கூச்சமும் இருக்கும். அது கண்டு அஞ்ச வேண்டாம்.

இனி, பரிசோதனைச் சீட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதித் தருவதுண்டு. அது பரிசோதனையின் முடிவன்று. பரிசோதனை இன்னும் நடைபெறவில்லை என்பதே அதன் பொருள். மற்றொரு நாள் மீண்டும் செல்ல வேண்டும். பிள்ளை பசியின்றி, தூக்கமின்றி இருக்கும் காலை வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு முன் சில நாட்கள், டார்ச் விளக்கைக் காட்டியும், ஒரு கண்ணைக் கையால் மூடியும் வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். அது விரும்பும் பொம்மையை உடன் எடுத்துச் செல்லுங்கள். கூட்டத்தையும் இரைச்சலையும் பொறுக்காத ஆட்டிசம் உடைய பிள்ளையாயின், அதனை முன்கூட்டியே மருத்துவமனையில் தெரிவித்து, காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும்படி கேளுங்கள். அவ்வாறு கேட்பது சலுகையன்று, பிள்ளையின் தேவை. பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவரைத் தொட்ட நம் ஆண்டவரும், ஏதேனும் தெரிகிறதா என்று அவரை வினவினார். மனிதர் மரங்களைப் போலத் தோன்றுகின்றனர் என்று அவர் கூறவே, இரண்டாம் முறையும் அவர் கண்கள்மீது கைகளை வைத்தார் என்று மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். இரண்டாம் முறை செல்வதற்கு நாம் ஏன் சலித்துக்கொள்ள வேண்டும்?

கண் நலமாயினும் பார்வை குறையலாம்

மூளை முடக்குவாதம் உடைய பிள்ளைகளிடமும், பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளைகளிடமும் வேறொரு நிலை உண்டு. கண்ணில் குறையிராது, கண் அனுப்பும் செய்தியை மூளை சரிவர உணர்ந்துகொள்ளாது. கண் நன்றாக இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றோர் திரும்பிவிடுவர். ஆனால், அப்பிள்ளை அசையாத பொருளைவிட அசையும் பொருளை எளிதில் காணும். வெறும் பாயில் தனியே கிடக்கும் பந்தை எடுக்கும். பத்துப் பொருள்களுக்கு நடுவே கிடந்தால் எடுக்காது. முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டே கை நீட்டும். காலையில் கண்டது, களைத்த மாலையில் அதற்குத் தெரியாது. இவற்றைக் குறித்துவைத்து மருத்துவரிடம் தெரிவியுங்கள். வீட்டிலும் நாம் செய்யத்தக்கன சில உண்டு: சோற்றுத் தட்டைப் பூப்போட்ட விரிப்பின்மேல் வைக்காமல், ஒரே நிறத் துணியின்மேல் வையுங்கள். பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். வெளிச்சம் பிள்ளையின் முதுகுப் புறமிருந்து வரட்டும். பார்த்துப் புரிந்துகொள்ள அதற்குச் சற்று நேரம் கொடுங்கள்.

காலம் தாழ்த்தலாகாது

எந்தப் பிள்ளைக்கும் சில அறிகுறிகள் உடனே கவனிக்கத்தக்கவை. கண்மணியின் நடுவே வெண்மை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அது கண்புரையாகவோ, உயிருக்கே ஊறு செய்யும் விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். மூன்று மாதமாகியும் தாயின் முகம் நோக்காமை, மாறுகண், தலையைச் சாய்த்துப் பார்த்தல், விரலால் கண்ணை ஓயாமல் அழுத்துதல், அந்தி வேளையில் நடக்க அஞ்சுதல் ஆகியவற்றையும் பழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்த 30 நாட்களுக்குள் பரிசோதித்தல் வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு அதற்கும் முன்பே செய்ய வேண்டியிருக்கும். தக்க தருணத்தில் சிகிச்சை பெற்றால் காக்கக்கூடிய பார்வை, சில வாரத் தாமதத்தில் என்றைக்குமாக இழக்கப்படலாம்.

ஒரு கண் மட்டும் மங்கியிருந்தால், மூளை அதனைப் பயன்படுத்தாமலே விட்டுவிடும். இதனைச் சோம்பேறிக் கண் என்பர். நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்து, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுப்பது இதற்குரிய சிகிச்சை. ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பலன் மிகுதி. அதன்பின் குறைந்துகொண்டே வரும். டவுன் சிண்ட்ரோம் உடைய பிள்ளை வளர்ந்து இளைஞரானபின்னும் ஆண்டுதோறும் பரிசோதனை தேவை. கருவிழி கூம்பு வடிவாக மாறும் நோய் அப்பருவத்தில் அவர்களுக்கு நேர்வதுண்டு. கண்ணைக் கசக்கும் வழக்கத்தைத் தடுப்பது அதற்கு நல்லது.

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தால்

கண்ணாடி வாங்கியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் நாளே பிள்ளை அதனைப் பிடுங்கி எறியும். அஞ்சாதீர்கள். சோறூட்டும் வேளையிலோ, அதற்குப் பிடித்த படத்தைக் காட்டும் வேளையிலோ ஐந்து நிமிடம் அணிவியுங்கள். நாளடைவில் நேரத்தைக் கூட்டுங்கள். மூக்குத் தண்டு தாழ்ந்த பிள்ளைக்குக் கண்ணாடி வழுக்கி இறங்கும். பார்வை கண்ணாடிக்கு மேலே போய்விட்டால் அணிந்தும் பயனில்லை. தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை கோத்தும், அளவான சட்டம் தேர்ந்தும் சரிசெய்யலாம். சிறப்புப் பள்ளி ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். பள்ளியில் பையினுள் கிடக்கும் கண்ணாடி பிள்ளைக்கு உதவாது.

எங்கே செல்வது?

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. அன்று மாற்றுத்திறனுடைய பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாமல், முதலில் அதனையே அழைத்துச் செல்லுங்கள். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் மேற்சிகிச்சைக்கு வழிகாட்டும். 1819-இல் தோன்றிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1978-இல் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் நம் நாட்டில் உள்ளவையே. வேளாங்கண்ணிக்குக் கண் உருவம் செய்து காணிக்கை வைப்பதாக நேர்ந்துகொண்ட தாய்மார் இருப்பீர்கள். நேர்ச்சையை நிறைவேற்றுங்கள்; ஆனால், அதற்கு முன் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இத்தகைய பிள்ளையைப் பிறர் முன் கொணரக் கூசும் பெற்றோர் நம் பங்குகளில் இன்றும் உள்ளனர். பேருந்தில் பிள்ளை கூச்சலிடும், காண்போர் முகம் சுளிப்பர் என்னும் அச்சமே அவர்களைத் தடுக்கிறது. அண்டை வீட்டாராகிய நாம், "வாருங்கள், நானும் உடன் வருகிறேன்" என்று ஒரு நாள் துணை சென்றால், அவர்களுடைய பாரத்தில் பாதி குறையும். உங்கள் வீட்டிலோ, உங்கள் தெருவிலோ இதுவரை கண் பரிசோதிக்கப்படாத இத்தகைய பிள்ளை உண்டா என்று இன்றே எண்ணிப் பாருங்கள். இருந்தால், இம்மாதம் முடிவதற்குள் அதனை அழைத்துச் செல்ல ஒரு நாளைக் குறித்துவையுங்கள்.