‘டிஸ்க் மேல தப்பு சொல்லாதீங்க’





மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். 2024 ஜனவரி. பள்ளிக்கரணையிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கூப்பிட்டார். முந்தைய ஆண்டு பொங்கல் மலரில் ‘வீட்டு ஆல்பம்’ பகுதிக்குத் தம் பாட்டியின் படத்தை அனுப்பியிருந்தவர். நாங்கள் அதை ஸ்கேன் செய்து கொண்டு, மூலப்படத்தைப் பதிவுத் தபாலில் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டோம். டிசம்பர் வெள்ளம் அவர் வீட்டில் இடுப்பளவு நின்றிருக்கிறது. பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பம் முழுக்க ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. “பாட்டிக்கு இருந்ததே அந்த ஒரு போட்டோதாங்க சார். உங்ககிட்ட ஸ்கேன் இருக்கும்ல?” என்று கேட்டார்.

இருந்தது, அலுவலக மேஜை இழுப்பறையில் ஒரு கையடக்க ஹார்ட் டிஸ்க்கில். எடுத்துக் கணினியில் செருகினேன். ‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. உள்ளே சுழலும் தட்டின் மேல் பதிவைத் தேடிப் போகும் ஊசிமுனை, தன் இடம் எதுவென்று தெரியாமல் போய்ப் போய்த் திரும்பும் சத்தம் அது. தரவு மீட்கும் இடம் ஒன்றுக்கு எடுத்துப் போனோம். தட்டிலேயே கீறல் விழுந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த டிஸ்க்கைப் புதிதாக, பெட்டி பிரிக்காமல் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

கடைசியில் அச்சான மலரின் பக்கத்தையே ஸ்கேன் செய்து அந்த வாசகிக்கு அனுப்பினோம். அச்சுப் புள்ளிகளுக்குள் பாட்டியின் மூக்குத்தி கரைந்து போயிருந்தது. மூலப்படத்தில் அது பளிச்சென்று இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. “பரவாயில்லை சார்” என்றார் அவர். அந்தப் ‘பரவாயில்லை’ என்னை நெடுநாள் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் படங்களைச் சேமித்து வைக்க ஒரு பெட்டியைக் கட்ட உட்கார்ந்தேன். இப்போது என் வீட்டுப் புத்தக அலமாரியின் நடுத்தட்டில், இலக்கணப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில் கழித்துக் கட்டிய ஒரு மேஜைக் கணினி, அதில் 8 ஜிபி ராம், ட்ரூநாஸ் என்ற இலவச மென்பொருள், நான்கு பழைய ஹார்ட் டிஸ்க்குகள். அவ்வளவுதான்.

பழைய டிஸ்க்கையா நம்புவது என்று வீட்டிலும் கேட்டார்கள், அலுவலகத்திலும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது: எந்த டிஸ்க்கையும் நம்ப வேண்டியதில்லை. புதிது என்று நம்பி ஒன்றில் வைத்துத்தானே பாட்டியின் மூக்குத்தியைத் தொலைத்தோம்? 1988-ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில்தான் ‘ரெய்டு’ என்ற பெயர் உலகத்துக்கு அறிமுகமானது. அந்த ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ஐ’ எழுத்துக்கு அவர்கள் தந்த விரிவு ‘விலை மலிவான’ என்பது. பெரிய கணினிக்கென்று செய்த ஒற்றை விலையுயர்ந்த டிஸ்க்குக்குப் பதிலாக, சின்னக் கணினிகளுக்கான மலிவு டிஸ்க்குகளைக் கூட்டமாகச் சேர்த்து, ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும்படி செய்யலாம் என்பதே அவர்கள் சொன்னது. பிற்பாடுதான் அந்த எழுத்துக்குத் ‘தனித்தியங்கும்’ என்று வேறு விரிவு வழக்கத்துக்கு வந்தது. எனக்கு முதல் விரிவுதான் பிடிக்கிறது.

தாங்குவது எப்படி என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். மூன்று டிஸ்க்கில் 4, 7, 2 என்று எழுதுகிறீர்கள். நான்காவதில் மூன்றின் கூட்டுத்தொகை 13-ஐ எழுதுகிறீர்கள். இரண்டாவது டிஸ்க் செத்துப்போனால் 13-லிருந்து 4-ஐயும் 2-ஐயும் கழியுங்கள், 7 திரும்பி வந்துவிடும். உள்ளே நடப்பது வேறு வகைக் கணக்கு, அடிப்படை இதுதான். என் பெட்டியில் இப்படி இரண்டு காப்புக் கணக்குகள் இருக்கின்றன. நான்கு டெராபைட் டிஸ்க் நான்கு போட்டிருந்தாலும் கைக்குக் கிடைக்கும் இடம் எட்டு டெராபைட்டுக்குள்தான். பாதி போய்விடுகிறதே என்று தோன்றும். பழைய டிஸ்க்கில் அந்தப் பாதியைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒன்று விழுந்து, புதிதாகப் போட்ட டிஸ்க்கில் எல்லாவற்றையும் திரும்ப எழுதும் அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மற்ற கிழங்களுக்கெல்லாம் ஓயாத வேலை. அப்போது இன்னொன்று படுத்தால் அதையும் தாங்க வேண்டும்.

டிஸ்க் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைக்காத கணினி உதிரி இல்லை. ஒரு மாடிக் கடையில் முப்பது வயதுக்குள் ஒரு தம்பி. டேட்டா சென்டர்களில் கழித்த டிஸ்க்குகளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருந்தார். விலை குறைவாக இருக்கிறதே என்று ஓர் அடுக்கில் கை வைத்தேன். “அது சாஸ் சார், உங்க போர்டுல ஏறாது” என்று தடுத்தார். இரண்டு டிஸ்க்கைத் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வீட்டுக் கணினிக்கான சாட்டா டிஸ்க்கில், தரவு கேபிள் மாட்டும் இடத்துக்கும் மின்சாரம் மாட்டும் இடத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. சாஸ் டிஸ்க்கில் அந்த இடைவெளி அடைபட்டிருக்கிறது. சாஸ் ஓட வேண்டுமானால் அதற்கென்று தனி அட்டை வாங்கிப் பொருத்த வேண்டும். விஷயம் தெரியாத ஆளிடம் தள்ளிவிட அவருக்கு அன்று நல்ல வாய்ப்பு. அவர் அதைச் செய்யவில்லை.

கடையிலேயே ஒவ்வொன்றையும் மாட்டி ‘ஸ்மார்ட்’ பதிவேட்டைப் பார்த்தோம். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் மருத்துவக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 9-ம் எண் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும். நான் எடுத்த ஒன்றில் 38,412. இடைவிடாமல் நாலு வருஷம் நாலு மாதத்துக்கு மேல். ஓட்டம் அதிகமாக இருப்பது எனக்குப் பெரிதில்லை. 5, 197, 198 என்ற மூன்று எண்களும் பூஜ்யமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 5 என்றால் கெட்டுப்போய் மாற்று இடம் கொடுத்த பகுதிகள். 197 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198 எத்தனை முயன்றும் படிக்க முடியாதவை. லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து கூகுள் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் விழும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைப் போல 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: விழுந்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வெப்பநிலை நீங்கலாக ஸ்மார்ட் குறிப்பு எதிலும் எச்சரிக்கை காட்டாமலேயே விழுந்தவை. குறிப்பு கெட்டிருந்தால் வாங்காதீர்கள். நன்றாக இருந்தால் அதை வைத்துச் சத்தியம் செய்யாதீர்கள்.

அந்தக் குறிப்பையே அழித்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு மோசடி வெளிப்பட்டது. பல்லாயிரம் மணி நேரம் ஓடிய டிஸ்க்குகளின் 9-ம் எண்ணைப் பூஜ்யமாக்கி, புதிது என்றே விற்றிருந்தார்கள். சீகேட் டிஸ்க்குகளில் ‘ஃபார்ம்’ என்று இன்னொரு உட்பதிவு இருப்பதால்தான் குட்டு உடைந்தது. பழையதைப் பழையது என்று சொல்லி, ஓடிய மணியைக் காட்டி விற்கும் கடைக்காரரே எனக்குப் போதும்.

ஐந்து வாங்கினேன், ஒன்று மாற்றாக வைத்துக்கொள்ள. செக்கிங் வாரண்டி ஏழு நாள். அந்த ஏழு நாளை வீணாக்கக் கூடாது. டிஸ்க் முழுக்க எழுதி, எழுதியதைப் படித்து ஒப்பிட்டு, இப்படி நாலு தடவை செய்யும் ‘பேட்பிளாக்ஸ்’ என்ற சோதனையை ஓட்டினேன். நான்கு டெராபைட்டுக்கு மூன்று நாள் பிடித்தது. கடையில் மூன்று பூஜ்யமும் காட்டிய ஒரு டிஸ்க், இரண்டாம் நாள் இரவு 197-ல் 16 என்று காட்டியது. எடுத்துப் போனேன். தம்பி திரையைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் வேறு கொடுத்தார். சோதிக்காமல் நேராகப் படங்களை ஏற்றியிருந்தால் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை மூன்றாம் டிஸ்க்கைச் சிவப்பில் காட்டி, கூட்டத்திலிருந்து விலக்கிவிட்டது மென்பொருள். வாங்கியதிலேயே அதிகம் ஓடியிருந்த டிஸ்க், அந்த 38,412. வயதாகிவிட்டது, போய்விட்டது என்று முடிவு கட்டினேன். மாற்று டிஸ்க்கை அதே இடத்தில் மாட்டினேன். ராத்திரி முழுக்கத் திரும்ப எழுதியது. விடிகாலையில் அதுவும் சிவப்பு.

ரிச்சி தெருத் தம்பிக்குப் போன் போட்டேன். “சார், 5-உம் 197-உம் எவ்வளவு காட்டுது?”

“ரெண்டும் பூஜ்யம்தான் தம்பி.”

“199?”

பார்த்தேன். 214.

“அப்ப டிஸ்க் மேல தப்பு சொல்லாதீங்க சார். கேபிளைப் பாருங்க.”

199-ம் எண், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்து போன தகவல்களின் எண்ணிக்கை. தட்டில் உள்ள எழுத்து சரியாகவே இருக்கும். வந்து சேரும் பாதையில் கெடும். இந்த எண் கூடும், குறையவே குறையாது. ஆகவே இருக்கும் எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, பிறகும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியை அணைத்தேன். முதல் டிஸ்க்கின் கேபிளையும் மூன்றாவதன் கேபிளையும் டிஸ்க் பக்கத்தில் மட்டும் மாற்றிப் போட்டு ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில், அதுவரை நோய்நொடி இல்லாமல் இருந்த முதல் டிஸ்க்கில் 199 ஏறத் தொடங்கியது. மூன்றாவதில் 214 அப்படியே நின்றது. குற்றம் கேபிளோடு நடந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். பக்கத் தகட்டை மூடும்போது அந்தச் சிவப்புக் கேபிள் மடங்கி நசுங்கியிருந்தது; விரலால் தடவினால் ஓரிடத்தில் பள்ளம் தட்டுப்பட்டது. அறுபது ரூபாய்க் கேபிள். மாற்றினேன். கழற்றி வைத்திருந்த பழைய டிஸ்க்கையே திரும்ப மாட்டினேன். 38,412 மணி நேரம் ஓடிய அந்த டிஸ்க் இப்போது ஐம்பதாயிரத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது, 5-லும் 197-லும் பூஜ்யத்தோடு. பழையது என்பதற்காகவே அதன் மேல் பழி போட்டேன் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

வேறு இரண்டு சொல்ல வேண்டும். பெட்டியை முதலில் பரணில்தான் வைத்தேன், வெள்ளத்துக்குப் பயந்து. சென்னை மே மாதத்தில் டிஸ்க்கின் சூடு 54 டிகிரி போய்விட்டது. தரையில் வைத்தால் தண்ணீர், பரணில் வைத்தால் வெக்கை. நடு அலமாரிக்கு இறக்கி முன்னால் ஒரு மின்விசிறி பொருத்தியதும் 41-க்கு வந்தது. அப்புறம் கரண்ட். நம் வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பின்பக்கம் ‘யூபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போடாவிட்டால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் கணினி அணைந்து எழும். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அது ஆகாது.

ரெய்டு இருக்கிறதே, இனி பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை தவறி ஒரு கோப்புறையை அழித்தால் நான்கு டிஸ்க்கிலிருந்தும் ஒரே நொடியில் அழியும். பெட்டிக்கே இடி விழுந்தால் நான்கும் சேர்ந்தே போகும். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய வழி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். எங்கள் மூன்றாம் பிரதி மதுரையில் என் தங்கை வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கும் ஆடிக்கும் போகும்போது டிஸ்க்கை மாற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2023 பொங்கல் மலருக்குப் படம் அனுப்பியவர்களில் 41 பேருடைய ஸ்கேன்கள் அந்த டிஸ்க்கோடு போய்விட்டன. உங்கள் வீட்டில் மூலப்படம் இன்னும் இருந்தால், தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள். போக வரத் தபால் செலவு எங்களுடையது. அடுத்த மலர்களுக்கு அனுப்பியவர்களின் ஸ்கேன்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பிரதி வேண்டுமானால் ஓர் அஞ்சலட்டை போதும்.

பள்ளிக்கரணை வாசகி போன மாதம் எழுதியிருந்தார். பாட்டியின் ஊர் சீர்காழிப் பக்கம். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் படம் எடுத்தால் நாலைந்து பிரதி போட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுப்பது வழக்கம் என்று அவருடைய பெரியம்மா சொன்னாராம். அப்படியானால் யாருடைய வீட்டுச் சுவரிலோ, டிரங்குப் பெட்டியிலோ இன்னொரு பிரதி இருக்கக்கூடும். அவருடைய சம்மதத்தோடு, மலரில் வந்த அந்தப் படத்தை எதிர்ப்பக்கத்தில் மறுபடி அச்சிட்டிருக்கிறோம். மர நாற்காலி, இடப்பக்கம் பூச்சாடி, கறுப்புக் கரை வைத்த சுங்குடிச் சேலை. சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், கொள்ளிடம் பக்கத்து வாசகர்கள் வீட்டில் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்