சோடா போடுறதுக்கு முன்னாடி உப்பைப் பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தொட்டி இல்லாதவர்களும் படிக்கலாம், இதில் பாதி மருத்துவம்தான்.

ராயபுரத்தில் என் வீட்டு ஹாலில் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு லெதர் பவளம், நாலைந்து நத்தை. போன வருஷம் வரை ஒரு இறாலும் இருந்தது. அதைக் கொன்றது நான்தான்.

24 மணி நேர டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் தொட்டியிலிருந்து 30 லிட்டர் தண்ணீரை இறக்கினேன். திரும்பி வந்து உப்பு கலந்து நிரப்பிக்கலாம் என்று நினைப்பு. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் குறைந்து மோட்டார் கொரகொரவென்று சத்தம் போட்டிருக்கிறது. அம்மா பதறிப்போய் ஒன்றரை கேன் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டார். "தண்ணி கம்மியா இருந்துச்சுப்பா" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. வார்டில் இப்படி ஹேண்ட் ஓவர் கொடுக்காமல் போன ஜூனியரை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு வந்து ஆல்கலினிட்டி டெஸ்ட் போட்டேன். வழக்கமாக 8 டிகேஎச் இருக்கும். 6.4 காட்டியது.

ஆல்கலினிட்டி என்றால் என்ன? தண்ணீரில் அமிலம் சேரச் சேர, பிஎச் இறங்காமல் அதை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கான கணக்கு. கடல்நீரில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது பைகார்பனேட். நம் ரத்தத்திலும் அதேதான். ஐசியூவில் ஏபிஜி ரிப்போர்ட் பார்க்கும்போது நாங்கள் தேடுகிற அதே பைகார்பனேட். இயற்கைக் கடல்நீரில் இது சுமார் 7 டிகேஎச். தொட்டி வைப்பவர்கள் 7 முதல் 9க்குள் வைத்துக்கொள்வார்கள்.

6.4ஐப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. 100 லிட்டருக்கு 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சமையல் சோடா. கணக்குப் போட்டு 12 கிராம் சோடாவை ஒரே தடவையில் கரைத்து ஊற்றினேன். கால்சியமும் 420லிருந்து 340க்கு இறங்கியிருந்தது. பத்தே நிமிஷத்தில் அதே இடத்தில் கால்சியம் குளோரைடையும் ஊற்றினேன். தொட்டி முழுக்க வெள்ளையாகப் பால் மாதிரி ஆகிவிட்டது.

ஹவுஸ் சர்ஜன் பருவத்தில் எல்லோருக்கும் சொல்லித் தருவது: சோடியம் பைகார்பனேட்டையும் கால்சியத்தையும் ஒரே ஐவி லைனில் விடாதே, குழாய்க்குள்ளேயே கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால் சுண்ணாம்பு. அதை ஆஸ்பத்திரியில் ஒருநாளும் செய்யாத நான், வீட்டில் செய்தேன். ஏற்றிய பைகார்பனேட்டில் ஒரு பங்கு சுண்ணாம்பாகி மணலில் உட்கார்ந்துவிட்டது.

சாயங்காலம்தான் உப்பு அளவைப் பார்க்கத் தோன்றியது. 35 இருக்க வேண்டிய இடத்தில் 28. அப்போதுதான் உறைத்தது. உப்பு, ஆல்கலினிட்டி, கால்சியம் மூன்றுமே ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. எதுவும் காலியாகவில்லை, வெறும் தண்ணீர் கூடியிருந்தது. மறுநாள் காலையில் இறால் செத்துக் கிடந்தது. லெதர் பவளம் ஒரு வாரம் விரியவே இல்லை.

வார்டில் இது தினசரி பார்க்கிற விஷயம். வயதானவர் மயக்கமாக வருவார், சோடியம் 118 இருக்கும். "உப்பு குறைஞ்சிடுச்சாம், உப்பு ஏத்துங்க டாக்டர்" என்பார்கள் உறவினர்கள். ஆனால் இதய பலவீனத்தால் உடம்பில் நீர் கோத்தவருக்கு உப்பு பற்றாக்குறை இல்லை, தண்ணீர்தான் அதிகம். அவருக்கு வைத்தியம் தண்ணீரைக் குறைப்பது. உண்மையிலேயே ஏற்ற வேண்டியவருக்கும் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரைதான் ஏற்றலாம். அவசரப்பட்டால் மூளைத்தண்டில் நரம்புகளின் உறை சிதைந்து, ஆள் பிழைத்தாலும் கை கால் வராமல் போகலாம். தொட்டியிலும் ஒரு நாளைக்கு 1 டிகேஎச், அதற்கு மேல் ஏற்றாதீர்கள். என் தப்பு அளவில் மட்டும் இல்லை. ஒரே ஒரு நம்பரைப் பார்த்து வைத்தியம் ஆரம்பித்ததில்தான் இருக்கிறது.

அடுத்து, யூடியூப் டோஸ். வெளிநாட்டுக்காரர் தினமும் இத்தனை மில்லி ஊற்றுகிறார் என்று நம் ஆட்களும் ஊற்றுகிறார்கள். அவர் தொட்டியில் கல் பவளங்கள். அவை எலும்புக்கூடு கட்ட தினமும் கால்சியமும் பைகார்பனேட்டும் தின்னும். இந்தியாவில் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001லிருந்து இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து விற்றால் புலிக்கு உள்ள அதே பாதுகாப்புதான், ஜெயில்தான். "லோக்கல் பீஸ், சீப்பா தர்றேன்" என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். மென்பவளமும் மீனும் மட்டும் உள்ள தொட்டி ஆல்கலினிட்டியைத் தின்னும் அளவு ரொம்பக் கம்மி. ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் போதும். அடுத்தவர் டோஸை உங்கள் தொட்டியில் ஊற்றுவதும், பக்கத்து வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொள்வதும் எனக்கு ஒன்றுதான்.

பிஎச் ஏற்றும் பாட்டிலும் அப்படியே. ஏசி ரூமில் ராத்திரி முழுக்கக் கதவை மூடிவைத்தால் நாம் விடும் கார்பன் டை ஆக்சைடு தொட்டியில் கரைந்து பிஎச் இறங்கும். ஆல்கலினிட்டி சரியாகவே இருக்கும். மூச்சு சரியாக விடமுடியாத நோயாளிக்கு பைகார்பனேட் ஏற்றுவதால் பிரச்சினை தீராது, மூச்சைத்தான் சரிசெய்ய வேண்டும். இங்கே ஜன்னலைத் திறந்தால் போதும்.

ஜன்னல் என்றதும் எண்ணூர்க்காரர்கள் சிரிப்பீர்கள், தெரியும்.

அடிக்கடி வருகிற கேள்வி: "காசிமேடு பக்கத்துலயே இருக்கே, கடல் தண்ணியையே ஊத்தலாமே டாக்டர், எதுக்கு உப்பு மூட்டை வாங்கணும்?" 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய்க் கசடை நம் மக்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய். அது காய்வதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். குழாய்ப் பக்கத்துக் கடல்நீரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்த அம்மோனியா லிட்டருக்கு 49 மில்லிகிராம். வரம்பு 5.

என் தொட்டியில் 0.5 காட்டினாலே ராத்திரி தூக்கம் வராது. இதிலும் பிஎச்தான் வில்லன். பிஎச் 7.2 என்றால் அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குதான் விஷ வடிவில் இருக்கும். கடலின் 8.2ல் ஏழெட்டுப் பங்கு. கடையிலிருந்து பையில் வரும் மீன் இதனால்தான் பிழைக்கிறது. மூடிய பையில் பிஎச் இறங்கியிருக்கும். பையைத் திறந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டால் பிஎச் ஏறும், பையில் சேர்ந்த அம்மோனியா அங்கேயே விஷமாகும். தூரத்திலிருந்து வந்த மீன் என்றால் உப்பும் சூடும் பொருத்தி, சீக்கிரம் மாற்றிவிடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

என் தொட்டி கெட்டால் 150 லிட்டரையும் மாற்றிக்கொள்வேன். எண்ணூரில் வலை வீசுகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அங்கே வருஷம் முழுக்கத் தண்ணீரை அளந்து, அன்றன்றைக்கே எண்களைக் குப்பத்து ஜனங்கள் பார்க்கிற இடத்தில் போர்டில் எழுதி வையுங்கள் என்று நாம் கேட்கவேண்டும். விபத்துக்கு அப்புறம் ஒரு நாள் அளந்து பத்திரிகைக்குக் கொடுப்பது போதாது.

இன்பாக்ஸில் "சார், ஆல்கலினிட்டி 6 இருக்கு, எவ்வளவு சோடா போடட்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். உப்பு எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, கடைசியாக யார் தண்ணீர் ஊற்றினார்கள்? இந்த மூன்றையும் எழுதுங்கள், டியூட்டி முடித்துப் பதில் சொல்கிறேன்.